பையின் அடியில் ஒரு கொக்கி

ஐரோப்பாவின் ஆஷ் மரம் உதிர்க்கும் கூட்டிலைகளில் சிற்றிலைகள் சீக்கிரம் மக்கிப்போகும். நடுக்காம்பு மட்டும் குச்சிபோலச் சருகுக்குள் கிடக்கும். அடுத்த கோடையில் அந்தக் காம்பின்மேல் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கிண்ணங்கள் முளைக்கும். ஒரு மெல்லிய கால், அதன் தலையில் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு தட்டு, அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே பூஞ்சை தேடுகிறவர்களுக்கு இது பழகிய முகம். பெயர் ஹைமனோசைஃபஸ் ஆல்பிடஸ். செத்த காம்பைத் தின்று மண்ணாக்குவதைத் தவிர வேறு எந்த வம்புக்கும் போகாத பூஞ்சை.

1990களின் தொடக்கத்தில் போலந்தில் ஆஷ் மரங்கள் நுனியிலிருந்து காயத் தொடங்கின. இலை வாடியது, கிளை கருகியது, பட்டையில் சாய்சதுரமாகப் புண் விழுந்தது, இளமரங்கள் சில ஆண்டுகளிலேயே பட்டுப்போயின. நோய் நாடு நாடாகப் பரவி 2012இல் பிரிட்டனிலும் உறுதியானது. இதற்கிடையே 2006இல் போலந்து ஆய்வாளர் ததேயுஷ் கொவால்ஸ்கி, நோயுற்ற மரங்களிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்து அதற்குக் கலாரா ஃப்ராக்சினியா என்று பெயர் வைத்தார். அது பாலிலா நிலையில் இருந்த பூஞ்சை. ஒரே பூஞ்சை பாலிலா நிலையில் ஓர் உருவத்திலும், பாலினப் பெருக்கத்தின்போது முற்றிலும் வேறோர் உருவத்திலும் இருப்பது சகஜம். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டுப் பிறகு உறவைக் கண்டுபிடிப்பதும் சகஜம். இங்கும் அப்படியே ஆயிற்று. 2009இல் கொவால்ஸ்கியும் சுவிட்சர்லாந்தின் ஓட்மார் ஹோல்டன்ரீடரும் கலாராவின் மறு உருவம் எது என்று சொன்னார்கள். இலைக்காம்பில் வரும் அந்தச் சாதுவான வெள்ளைக் கிண்ணம்தான் அது.

கேட்டவர்களுக்குத் திகைப்பு. தலைமுறை தலைமுறையாக ஒரு மரத்தையும் கொல்லாத பூஞ்சைக்குத் திடீரென்று என்ன வந்தது? பருவநிலை மாறியதா, மரம் பலவீனப்பட்டதா, பூஞ்சைக்குள் ஏதாவது திடீர்மாற்றம் நிகழ்ந்ததா? எல்லாம் பேசப்பட்டன. விடையோ வேறு பக்கமிருந்து வந்தது. வாலன்டின் கெலோஸ் தலைமையிலான குழு டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆல்பிடஸ் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு இனங்கள் இருப்பது 2011 வாக்கில் வெளிப்பட்டது. ஒன்று பழைய சாது. மற்றது கொலைகாரப் புது ஆள். காம்பும் அதே காம்பு, வெள்ளையும் அதே வெள்ளை, உயரமும் ஏறக்குறைய அதேதான். புதிய இனம் இப்போது ஹைமனோசைஃபஸ் ஃப்ராக்சினியஸ் என்று அழைக்கப்படுகிறது. 2014இல் நிலைபெற்ற பெயர் இது. அதன் சொந்த ஊர் கிழக்காசியா. அங்கே மஞ்சூரிய ஆஷ் மரத்தோடு பெரிய சண்டையில்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பாவுக்குள் வந்த கூட்டத்தின் மரபணுத்தொகுதியை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, இவ்வளவு பெரிய படையெடுப்புக்கும் மூலம் மரபளவில் வேறுபட்ட இரண்டே இரண்டு தனியன்கள்தான் என்றது.

சரி, டிஎன்ஏ சொல்லிவிட்டது. காட்டில் நின்று ஒரு காம்பைக் கையில் எடுத்தவர் என்ன செய்வது? இரண்டு கிண்ணங்களையும் நுண்ணோக்கியில் அக்குவேறு ஆணிவேறாக ஒப்பிடும் வேலை அதன் பிறகே தொடங்கியது. ஜப்பானின் சுயோஷி ஹோசோயா, ஜெர்மனியின் ஹான்ஸ்-ஓட்டோ பாரல் உள்ளிட்டவர்கள் அந்த வேறுபாட்டைக் கண்டார்கள். அது கிண்ணத்தின் நிறத்திலோ வித்தின் அளவிலோ இல்லை. வித்து விளையும் பையின் அடியில், சில மைக்ரோமீட்டர் அளவில் இருந்தது. கொலைகாரனின் பையடியில் ஒரு கொக்கி உண்டு. சாதுவுக்கு இல்லை.

அந்தக் கொக்கி என்ன என்று தெரிய, கிண்ணத்துக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். கிண்ணப் பூஞ்சைகள் எல்லாம் ஆஸ்கோமைசீட்டுகள் என்ற பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. வித்துகள் ஆஸ்கஸ் என்ற நீண்ட பைக்குள் உருவாகின்றன. வழக்கமாக ஒரு பைக்கு எட்டு. கிண்ணத்தின் உட்பரப்பில் இந்தப் பைகள் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கின்றன. பை பிறப்பதற்கு முன், இரண்டு பெற்றோரிடமிருந்து வந்த இரண்டு உட்கருக்கள் ஒரே இழையின் நுனியில் சேர்ந்து நடக்கின்றன, ஆனால் இன்னும் ஒன்றாகவில்லை. அந்த நுனி குடைக்கம்பின் கைப்பிடிபோல வளைகிறது. வளைந்த நிலையில் இரு உட்கருக்களும் ஒரே நேரத்தில் பிரிகின்றன. குறுக்குச் சுவர்கள் எழும்பி, வளைவின் முகட்டில் இருக்கும் செல்லுக்கு ஆளுக்கொன்றாக இரண்டு உட்கருக்கள் கிடைக்கும்படி பங்கு பிரிக்கின்றன. அந்த முகட்டுச் செல்தான் பையாக நீள்கிறது. உள்ளே இரு உட்கருக்களும் இணைந்து, குன்றல் பிரிவும் அதன்மேல் ஒரு சாதாரணப் பிரிவும் நடந்து எட்டாகி, எட்டு வித்துகள் ஆகின்றன. வேலை முடிந்த பிறகும் கொக்கியின் தடம் பையின் அடியில் தங்கிவிடுகிறது. கவனித்துப் பார்த்தால் அடிப்பகுதி இரண்டாகக் கவடுபட்டு நடுவில் சிறு ஓட்டை தெரியும். சில பூஞ்சைகள் இந்த வளைவு இல்லாமலே வேலையை முடித்துக்கொள்கின்றன. அவற்றின் பை ஒரு சாதாரண குறுக்குச் சுவரிலிருந்து நேராக எழும்பும்.

கொக்கி ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பில்லை. 20ஆம் நூற்றாண்டின் பாடநூல்கள் எல்லாவற்றிலும் அதன் படம் இருக்கிறது. கல்லூரித் தாவரவியல் மாணவர் பரீட்சையில் வரைந்து மதிப்பெண் வாங்கியிருப்பார். ஆனால் இனத்தைப் பிரித்துக் காட்டும் அடையாளமாக அதைப் பையடியில் தேடிப்போனவர்கள் மிகச் சிலர். இந்தத் துறையின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உருப்பெருக்கம் கூடியதால் வந்த முன்னேற்றம் குறைவு. பையின் எந்த முனையைப் பார்ப்பது, எந்த நிலையில் பார்ப்பது என்ற கேள்வி மாறியதால் வந்ததே அதிகம்.

ஸ்வீடனின் எலியாஸ் ஃப்ரீஸ் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பூஞ்சை வகைப்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர். வெறுங்கண்ணையும் கைலென்ஸையும் நம்பியவர். அவர் காலத்தில் கிண்ணம் மாதிரி இருந்த பூஞ்சைகளில் பெரும்பகுதி பெசைசா என்ற ஒரே பேரினத்துக்குள் போய் விழுந்தது. மயிர் உள்ளது, இல்லாதது, காலுள்ளது, காலில்லாதது, சிவப்பு, பழுப்பு என்று உட்பிரிவுகள் வைத்துக்கொண்டார்கள். அவற்றில் பல, தொலைதூர உறவுகூட இல்லாதவற்றை ஒரே கூரையின்கீழ் வைத்திருந்தது பின்னாளில் தெரிந்தது.

கூரையைப் பிரித்தவர் எமீல் பூதியே. பாரிஸுக்கு அருகே மோன்மொரான்சியில் மருந்துக்கடை வைத்திருந்தவர். அவர் பார்த்தது பையின் மேல்முனை. முற்றிய பை தன் வித்துகளை வெளியே சுட்டுத் தள்ள வேண்டும். சில பைகளின் நுனியில் வட்டமாக ஒரு மூடி இருக்கிறது; உள்ளழுத்தம் ஏறியதும் மூடி ஒரு பக்கம் கீல் வைத்ததுபோலத் திறந்துகொள்ளும். மற்றவற்றில் மூடி கிடையாது. நுனி தடித்து, நடுவில் ஒரு துளை வழியே வித்துகள் வெளியேறும். இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டு சதைப்பற்றுள்ள கிண்ணப் பூஞ்சைகள் முழுவதையும் இரண்டு பெரும் பிரிவாக்கி 1885இல் வெளியிட்டார். அவர் மூடியுள்ளவை என்று பிரித்த கூட்டம் இன்றைய பெசைசேல்ஸ் வரிசையோடு பொருந்துகிறது. நூறாண்டு கழித்து வந்த டிஎன்ஏ அதைக் கலைக்கவில்லை. ஒரு மருந்துக்கடைக்காரர் பித்தளை நுண்ணோக்கியில் பார்த்துப் போட்ட கோடு இவ்வளவு நேராக விழுந்தது வியப்புத்தான். அவர் தன் கையால் வரைந்து வண்ணமிட்ட 600 ஓவியத் தகடுகள் 1900களின் முதல் பத்தாண்டில் வெளிவந்தன. அதில் பைகள் புடைத்து நிற்கின்றன. வித்துக்குள் எண்ணெய்த் துளிகள் எத்தனை, எங்கே என்று எண்ணிவிடலாம். உயிருள்ள மாதிரியைப் பார்த்து வரைந்ததன் பலன் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கும் முறையில் பெரிய மாயமில்லை. மரக்குச்சியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கிண்ணத்தை ஊசியால் நெம்பி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணீரில் வைக்க வேண்டும். சவரப் பிளேடால் அதைச் செங்குத்தாக மெல்லியதாகச் சீவ வேண்டும். கைநடுக்கம் இருப்பவர்கள் கிண்ணத்தில் கடுகில் பாதியளவு பிய்த்துப் போட்டாலும் போதும். கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்கி, பென்சிலின் ரப்பர் முனையால் மெதுவாக ஒரு தட்டு. 40 மடங்கு லென்ஸில் முதலில் தெரிவது குழப்பம். பிறகு கண் பழகும். தோட்டாப் பெட்டியைத் திறந்த மாதிரி என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் தோட்டாக்கள் சும்மா கிடக்கும், இவை அப்படியில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பை சட்டென்று சுருங்கும். எட்டு வித்துகளும் இருந்த இடம் காலியாகும். பக்கத்து நீரில் அவை மிதந்துகொண்டிருக்கும். நூறு மடங்கு எண்ணெய் லென்ஸுக்கு மாறி அந்தக் காலிப் பையின் நுனியைத் தேடினால் மூடி திறந்து கிடக்கிறதா, துளை மட்டும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பூதியேயின் கேள்விக்கு விடை கிடைத்தாயிற்று. இது எந்தப் பூஞ்சையாக இருக்கலாம் என்ற பட்டியலின் பாதி அங்கேயே உதிர்ந்துவிடுகிறது.

பைகளுக்கு இடையே மெல்லிய மலட்டு இழைகளும் நிற்கும். பாராஃபிசிஸ் என்பார்கள். வித்து தராதவை என்பதால் இவற்றை அலட்சியம் செய்வது புதியவர்களின் வழக்கம். ஆனால் அடையாளம் காட்டுவதில் இவை கெட்டிக்காரர்கள். லாக்னம் என்ற வெள்ளை மயிர்க் கிண்ணங்களில் இவை ஈட்டிமுனைபோலக் கூராகி, பைகளையும் தாண்டி மேலே நீண்டிருக்கும். வேறு சிலவற்றில் நுனி உருண்டு தடித்திருக்கும். சிவப்பு, ஆரஞ்சுக் கிண்ணங்கள் பலவற்றின் நிறம் இந்த இழைகளுக்குள் இருக்கும் கரோட்டினாய்டுத் துகள்களிலிருந்து வருகிறது. ஹைமனோசைஃபஸ் வகைகளின் உயிருள்ள இழைகளுக்குள் ஒளியை முறிக்கும் பெரிய நீர்மக் குமிழ்கள் பளபளப்பாகத் தெரியும். ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் போதும், எல்லாம் மறைந்து வெறும் குழாய்கள் மிஞ்சும்.

இந்தத் துறையில் நெடுநாள் நடந்த தவறு இதில்தான் இருக்கிறது. பூதியேவுக்குப் பிந்தைய தலைமுறைகள் பெரும்பாலும் உலர்த்திப் பாதுகாத்த மாதிரிகளை வைத்தே வேலை செய்தன. காய்ந்து சுருங்கிய கிண்ணத்தை மீண்டும் விரியவைக்க ஹைட்ராக்சைடோ லாக்டோபீனாலோ ஊற்றுவார்கள். பூஞ்சை முன்பே செத்திருக்கும். இல்லையென்றால் அந்தத் திரவம் கொன்றுவிடும். பிறகு அளந்து எழுதுவார்கள். அப்படி எழுதப்பட்ட அளவுகளும் வருணனைகளும் பிணத்தின் அளவுகள். 1992இல் ஹான்ஸ்-ஓட்டோ பாரல், உயிருள்ள செல்லுக்கும் செத்த செல்லுக்கும் உள்ள வேறுபாடுகளை முறையாகத் தொகுத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். உயிரோடு இருக்கும்போது பை உள்ளழுத்தத்தால் அகன்று நிற்கிறது, செத்ததும் ஒடுங்குகிறது. பைநுனிச் சுவரின் தடிமன் மாறுகிறது. எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று கலந்து எண்ணிக்கை பிசகுகிறது. உயிரோடு பார்த்தவர் ஒன்று எழுதுவார், உலர்ந்ததைப் பார்த்தவர் வேறொன்று எழுதுவார். இருவரும் ஒரே பூஞ்சைக்கு இரண்டு பெயர் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள்.

இதற்கு ஓர்பிலியாவைவிட நல்ல சாட்சி கிடையாது. பட்டைமீது மெழுகுச் சொட்டுபோல ஒட்டிக்கொண்டிருக்கும், பாதி ஊடுருவித் தெரியும் குட்டித் தட்டுகள் இவை. இதே கூட்டத்தைச் சேர்ந்தவை பாலிலா நிலையில் மண்ணுக்குள் கண்ணியும் வலையும் பின்னி நூற்புழுக்களைப் பிடித்துத் தின்கின்றன. இவற்றின் வித்துகள் மிகச் சிறியவை. ஒவ்வொரு வித்துக்குள்ளும் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு பளபளப்பான உறுப்பு இருக்கிறது. அது உருண்டையா, கண்ணீர்த்துளி வடிவா, புழுப்போல வளைந்ததா, வித்தின் எந்த முனையில் தொங்குகிறது என்பதை வைத்தே இனங்களைப் பிரிக்கிறார்கள். வித்து செத்த மறுகணம் அது மறைந்துவிடும். பழைய ஆவணக்கூடங்களில் உள்ள மாதிரிகளில் அதைத் தேடிப் பயனில்லை. பாரலும் அவருடைய கூட்டாளிகளும் இந்த உறுப்பை நம்பி எழுதிய ஓர்பிலியோமைசீட்டுகள் பற்றிய மாபெரும் நூல் 2020இல் வந்தது. ஆஷ் மரக் கொக்கிக்கு இந்தச் சங்கடம் இல்லை. அது சுவரில் பதிந்த அமைப்பு என்பதால் காய்ந்த மாதிரியிலும் தேடலாம்.

அடுத்து அயோடின். பள்ளி ஆய்வகத்தில் உருளைக்கிழங்குத் துண்டின்மேல் சொட்டி, நீலமானால் மாவுச்சத்து என்று எழுதியிருப்போம். அதே கரைசலை நுண்ணோக்கித் தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கம் ஒற்றுத்தாளால் தண்ணீரை இழுத்தால் அயோடின் கவர் ஸ்லிப்பின் அடியில் ஊர்ந்து பரவும். அது எட்டும் இடத்தில் பைகளின் நுனி மாறுவதைக் காண்பது இந்த வேலையின் சுகங்களில் ஒன்று. மூடியில்லாத பைகள் பலவற்றில் நுனித் துளையைச் சுற்றியுள்ள வளையம் மட்டும் நீலமாகும். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு சின்ன நீலக் கோடுகள். மூடியுள்ள பெசைசா குடும்பத்தில் நுனி முழுதும் நீலம் பூசிக்கொள்ளும். ஓரத்தில் இமைமயிர் வைத்த சிவப்புத் தட்டுகளான ஸ்கூட்டெலினியாக்களில் ஒன்றும் நடக்காது. நீலமா, இல்லையா என்ற ஒரே கேள்வி குடும்பங்களையே பிரித்துவிடுகிறது.

எந்த அயோடின் என்பதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பூஞ்சையியலாளர்கள் நெடுங்காலம் பயன்படுத்தியது மெல்ட்ஸர் கரைசல். செக் நாட்டு வாட்ஸ்லாவ் மெல்ட்ஸர் 1924இல் ருசுலா என்ற குடைக்காளான்களின் வித்துகளைப் பார்ப்பதற்காக உருவாக்கியது. அதில் அயோடினோடு குளோரல் ஹைட்ரேட்டும் உண்டு. பாரிஸ் மருத்துவர் லுகால் 1829இல் தந்த கரைசலோ எளியது: அயோடின், பொட்டாசியம் அயோடைடு, தண்ணீர். இரண்டும் அயோடின்தானே என்று எல்லாரும் இருந்தார்கள். சில பூஞ்சைகளின் பைநுனி லுகால் கரைசலில் நீலத்துக்குப் பதில் செங்கல் சிவப்பாகிறது. முதலில் ஹைட்ராக்சைடில் நனைத்துவிட்டு அயோடின் விட்டால் அதே நுனி நீலமாகிறது. ஹைட்ராக்சைடு இல்லாமல் மெல்ட்ஸரை மட்டும் விட்டால்? ஒன்றுமே ஆகாது, குளோரல் ஹைட்ரேட் அந்தச் சிவப்பை வரவிடுவதில்லை. எனவே பழைய நூல்களில் ‘அயோடினுக்கு எதிர்வினை இல்லை’ என்று எழுதியிருப்பதில் ஒரு பகுதி, பூஞ்சையைப் பற்றிய செய்தியே அல்ல. எழுதியவரின் மேசையில் எந்தக் குப்பி இருந்தது என்பதைப் பற்றிய செய்தி. 1987இல் பாரல் இதை விரிவாகக் காட்டினார். அதன் பிறகு கவனமுள்ளவர்கள் கரைசலின் பெயரையும், ஹைட்ராக்சைடு முன்னால் விட்டார்களா என்பதையும் சேர்த்தே குறித்துவைக்கிறார்கள். விலை குறைந்த, எங்கும் கிடைக்கிற லுகால் இந்த வேலைக்கு மேலானது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

வித்துகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எல்லாரும் முதலில் பார்ப்பது அவற்றைத்தான், எல்லா நூல்களும் அளவு கொடுக்கின்றன. ஒன்றே ஒன்று: பைக்குள் இருக்கும் வித்தை அளக்கக் கூடாது. அது இன்னும் விளைந்துகொண்டிருக்கிறது. கிண்ணத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் கவிழ்த்து ஓர் இரவு மூடிவைத்தால், பூஞ்சை தானே சுட்டு விழுந்த வித்துகள் கிடைக்கும். அளவுகோலுக்கு அவையே தகுதியானவை. இருபது முப்பது வித்துகளையாவது அளந்தால்தான் நூலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டு.

ஓரிரு மைக்ரோமீட்டர் வேறுபாடு எவ்வளவு பேசும் என்பதற்கு குளோரோசிபோரியா உதாரணம். இது வளரும் மரம் உள்ளுக்குள் மயில்பச்சையாகச் சாயமேறிப்போகும். சைலின்டீன் என்ற நிறமியின் வேலை. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியத் தச்சர்கள் இந்தப் பச்சை மரத்தைச் சீவி, மரப்பதிப்பு ஓவியங்களில் இலைக்கும் கிளி இறகுக்கும் வைத்தார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள குப்பியோ அரண்மனை அறைச் சுவரில் அந்தப் பச்சை இன்னும் மங்கவில்லை. பச்சை மரம் எளிதில் கண்ணில் படும், கிண்ணம் அபூர்வம். அதிலும் ஐரோப்பாவில் இரண்டு இனங்கள்; கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஏருஜினாசென்ஸ் இனத்தின் வித்து பெரும்பாலும் 8 மைக்ரோமீட்டருக்குள் அடங்கும். ஏருஜினோசாவின் வித்து 10ஐ ஒட்டியும் தாண்டியும் நீளும், பருமனும் கூடுதல். கிண்ணத்தின் வெளிப்புற இழைகள் முன்னதில் வழவழப்பு, பின்னதில் சொரசொரப்பு. தச்சர் பயன்படுத்தியது இரண்டில் எது என்று மரத்தின் நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வழியில்லை. மரத்தில் வித்து இருக்காதே.

ஆஷ் மரமும் மயில்பச்சை மரமும் நமக்குத் தொலைவு. ஆனால் கிண்ணப் பூஞ்சை பார்க்க ஐரோப்பா போக வேண்டியதில்லை. மாட்டுச் சாணி போதும். முகம் சுளிக்க வேண்டாம், பூஞ்சையியலின் மிகப் பழைய வளர்ப்பு முறைகளில் இது ஒன்று. புல் மேய்ந்த மாட்டின் சாணி ஒரு கையளவு, அல்லது பத்துப் பதினைந்து ஆட்டுப் புழுக்கை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தாள் விரித்து வைத்து, வெயில் நேராகப் படாத ஜன்னலோரம் விட்டுவிட வேண்டும். முதலில் ரொட்டிக் காளான் சொந்தக்காரர்கள் நரைமயிராகக் கிளம்பி அடங்குவார்கள். பிறகு, பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில், மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒரு மில்லிமீட்டர்க் கிண்ணங்கள் வரத் தொடங்கும். கைலென்ஸில் பார்த்தால் அவற்றின் பரப்பில் கரும்புள்ளிகள் துருத்திக்கொண்டிருக்கும். அஸ்கோபோலஸ் என்று ஊகிக்க அதுவே போதும். முற்றிய பைகள் மற்றவற்றைவிட உயர்ந்து வெளியே தலைநீட்டுகின்றன. உள்ளே இருக்கும் வித்துகள் ஊதா, அதனால் புள்ளி கறுப்பாகத் தெரிகிறது. டப்பாவை ஒரு நாள் திருப்பி வைத்துப் பாருங்கள். பைகள் ஒளி வரும் பக்கம் வளையும். திறந்த வெளியை நோக்கிச் சுட வேண்டும் அல்லவா? புல்லில் விழுந்தால்தான் அடுத்த மாடு தின்னும். மாட்டின் குடலைக் கடந்து வந்தால்தான் அஸ்கோபோலஸ் வித்து நன்றாக முளைக்கும்.

தண்ணீரில் வைத்துப் பார்க்கும்போது ஊதா நிறம் ஒரு விருந்து. வித்து இளமையில் நிறமற்றது, பிறகு இளஞ்சிவப்பு கலந்த ஊதா, முற்றியதும் கரும்பழுப்பு. மூன்றும் ஒரே பார்வைப் புலத்தில் பக்கத்துப் பக்கத்துப் பைகளில் இருக்கும். நிறம் வித்தின் மேலுறையில் மட்டும்தான். அந்த உறை வெடித்து வெள்ளை வரிகள் ஓடும். வரிகள் நீளவாக்கிலா, வலைபோலவா, அங்கங்கே இணைகின்றனவா, இல்லை வரிக்குப் பதில் பருக்களா என்பதில் இனம் மாறுகிறது. அதே சாணியில் அதே ஊதாவோடு சற்றுச் சிறிய கிண்ணங்களும் இருக்கக்கூடும். அவற்றின் பைக்குள் வித்துகள் தனித்தனியாக இல்லாமல் எட்டும் ஒரே பொதியாக ஒட்டியிருந்தால் அது சாக்கோபோலஸ். தனி வித்தைக் காற்று சீக்கிரம் தடுத்து நிறுத்திவிடும். எட்டையும் சேர்த்து ஒரே குண்டாக எறிந்தால் தூரம் கூடும். கவர் ஸ்லிப்பைத் தட்டி அழுத்தினாலும் பொதி எளிதில் பிரியாது.

இந்த இரு பேரினங்களுக்கும் உலகளாவிய நூல் 1967இல் வந்தது; எழுதியவர் நெதர்லாந்தின் லெய்டனில் பணியாற்றிய வான் ப்ரும்மெலன். அஸ்கோபோலஸுக்கு அவர் வரிகளைக் கேட்கிறார். சாக்கோபோலஸுக்கு வரிகளோடு இன்னொன்றும் கேட்கிறார்: பொதிக்குள் எட்டு வித்துகளும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன? எத்தனை வரிசை, ஒவ்வொன்றிலும் எத்தனை வித்து, பொதி குட்டையா நீளமா? இதைத் தெரிந்துகொள்ளப் பொதியை ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. கவர் ஸ்லிப்பை ஊசி முனையால் லேசாக நகர்த்திப் பொதியை உருளவிட்டு நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். எண்ணெய் லென்ஸில் அது சிரமம். 40 மடங்கே வசதி.